கேட்டடோனியாவும் மூளை ஸ்கேனும்: கூட இருப்பவர்கள் கேட்கும் கேள்விகள்

கடும் மனச்சோர்வில் பேச்சும் அசைவும் நின்றுபோனவரை ஸ்கேனுக்குக் கூட்டிவரும் வீட்டார், நாகர்கோவிலானாலும் மார்த்தாண்டமானாலும், ஏறக்குறைய ஒரே சந்தேகங்களைத்தான் கேட்கிறார்கள். அவற்றைக் கேட்ட பேச்சிலேயே தொகுத்திருக்கிறோம்.

"அம்மை நாலு நாளா பேசல்ல, வெள்ளம்கூட இறங்கல்ல. தூக்கின கை தூக்கினபடியே நிக்குது. இது என்ன சூக்கேடு?"

இதற்குக் கேட்டடோனியா என்று பெயர். 1874-இல் கால்பாம் என்ற ஜெர்மானிய மருத்துவர் இதை விரிவாக எழுதிவைத்தார். பிறகு வெகுகாலம் இது மனச்சிதைவு நோயின் ஒரு வகையாகவே பார்க்கப்பட்டது. மனச்சோர்வு, இருதுருவ நோய் போன்றவற்றிலும், மூளைக்காய்ச்சல் போன்ற உடல் நோய்களிலும் இது வரும் என்பது இப்போது தெளிவாகிவிட்டது.

அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் 2013-இல் வெளியிட்ட டிஎஸ்எம்-5 என்ற நோய் வரையறைக் கையேடு 12 அறிகுறிகளைச் சொல்கிறது. அவற்றில் 3 இருந்தாலே போதும். அசைவற்றுக் கிடப்பது, பேச்சு நின்றுபோவது, வைத்த நிலையில் கை கால் நிற்பது, மடக்கினால் மெழுகுபோல மெதுவாக வளைந்து கொடுப்பது, சொன்னதற்கு எதிராக உடம்பை இறுக்குவது, எதிரில் இருப்பவர் சொல்வதையே திருப்பிச் சொல்வது ஆகியவை அந்தப் பட்டியலில் உண்டு. காரணமில்லாத கொந்தளிப்பும் அதில் ஒன்று. தலையணையை உருவிய பிறகும் சிலருக்குத் தலை அந்தரத்தில் அப்படியே நிற்கும். பார்க்கிறவர்கள் பயந்துபோவது இதைக் கண்டுதான்.

"முதல்ல ஒரு ஸ்கேன் எடுத்துட்டு, ரிப்போர்ட்டோட டாக்டரைப் பாத்தா வேலை எளுப்பமில்லா?"

இந்த வரிசை தவறு. தண்ணீர் இறங்காமல் இரண்டு நாள் ஆனவரை ஸ்கேன் சென்டரின் பெஞ்சில் உட்காரவைக்கக் கூடாது. நேரே அவசர சிகிச்சைப் பிரிவுக்குக் கொண்டுபோக வேண்டும், 108-ஐக் கூப்பிடலாம். குமரி மாவட்டத்தில் ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போனால் பொது மருத்துவமும் மனநலப் பிரிவும் ஒரே வளாகத்தில் கிடைக்கும்.

அங்கே முதலில் பார்க்க வேண்டியவை சர்க்கரை, சோடியம், பொட்டாசியம், கால்சியம், கிரியேட்டினின், தைராய்டு, தசை சிதைகிறதா என்று காட்டும் சிபிகே, ஒரு இசிஜி. காய்ச்சல், நாடித்துடிப்பு, ரத்த அழுத்தம் மூன்றையும் நாள் முழுக்கக் குறித்துக்கொண்டே இருக்க வேண்டும். காய்ச்சலும் விறைப்பும் சேர்ந்து ஏறினால் அது உயிருக்கு ஆபத்தான வகை. பட்டினி கிடந்தவருக்கோ குடிப்பழக்கம் உள்ளவருக்கோ குளுக்கோஸ் ஏற்றுமுன் தயமின் ஊசி போட வேண்டும், இல்லாவிட்டால் வெர்னிக்கி என்ற மூளைப் பாதிப்பு தூண்டப்படலாம்.

கஞ்சிவெள்ளத்தை வாயில் ஊற்றி மூக்கைப் பிடிக்கிற பழக்கம் இன்னும் இருக்கிறது. தயவுசெய்து செய்யாதீர்கள். விழுங்காத வாயில் ஊற்றியது நுரையீரலுக்குத்தான் போகும்.

"ஸ்கேன்ல டிப்ரஷன் தெரியுமா?"

தெரியாது. கேட்டடோனியாவும் தெரியாது. இரண்டையும் ஆளைப் பரிசோதித்தும் வீட்டாரிடம் விசாரித்தும்தான் கண்டுபிடிக்கிறார்கள்.

"பின்ன எதுக்கு எடுக்கச் சொல்லுதாவ?"

இதே கோலத்தை உண்டாக்கும் வேறு நோய் மூளைக்குள் ஒளிந்திருக்கிறதா என்று பார்க்க. தேடுவது என்னவென்று தெரிந்தால் ரிப்போர்ட்டைப் படிப்பதும் எளிது. வயதானவர் குளியலறையில் வழுக்கி விழுந்து ஒரு மாதம் கழித்து மந்தமானால் மண்டையோட்டுக்கு உள்ளே கட்டிய ரத்தம், மெதுவாகக் குணம் மாறி வந்தவருக்கு நெற்றிப் பகுதியில் கட்டி, திடீரென்று ஒரே நாளில் பேச்சு நின்றவருக்குப் பக்கவாதம். காய்ச்சலோடு வந்தால் ஹெர்பிஸ் கிருமி மூளையின் பொட்டுப் பகுதியைத் தாக்கியிருக்கிறதா என்று பார்ப்பார்கள். நம் நாட்டில் காசநோய்க் கட்டிகளையும் நாடாப்புழு முட்டையால் வரும் நீர்க்கட்டிகளையும் மறக்க முடியாது. இளவயதினருக்கு வில்சன் நோய், அதாவது செம்பு உடம்பில் தேங்கும் நோய், மூளையின் அடிமுடிச்சுகளில் தடம் காட்டும். கழுத்தில் சுருக்கிட்டுக் காப்பாற்றப்பட்டவர் பிறகு உறைந்துபோனால், ஆக்சிஜன் குறைவால் மூளை பாதித்திருக்கிறதா என்பதும் முக்கியமான கேள்வி.

எல்லோருக்கும் ஸ்கேன் கட்டாயம் என்றில்லை. ஆனால் முதல் தடவையாகக் கேட்டடோனியா வருகிறவருக்கு ஒரு தடவையாவது எடுத்துவிடுவதே நல்லது. ஒரு பக்கப் பலவீனம், வலிப்பு, காய்ச்சல், தலையடி, நடையில் தடுமாற்றம், முதிய வயதில் முதன்முதலாக வந்த மனநோய், இவற்றில் ஏதாவது இருந்தால் தள்ளிப்போடவே கூடாது.

"சிடி போதுமா, எம்ஆர்ஐயே வேணுமா?"

சிடி சில நிமிடத்தில் முடியும். புது ரத்தக் கசிவு, பெரிய கட்டி, மூளைநீர்த் தேக்கம் எல்லாம் அதில் தெரியும். நள்ளிரவில் வந்தவருக்கு முதலில் சிடி எடுப்பதே சரி. ஆனால் ரத்தம் கட்டி ஒன்று முதல் மூன்று வாரத்துக்குள் சிடி எடுத்தால் அது மூளையின் அதே சாம்பல் நிறத்தில் கலந்து கண்ணை ஏமாற்றலாம். ஆரம்ப நிலை மூளைக்காய்ச்சல், சிறிய பக்கவாதம், பின்மூளைக் கோளாறு இவற்றையும் சிடி விட்டுவிடும். கேட்டடோனியாவுக்குக் காரணம் தேட எம்ஆர்ஐதான் ஏற்றது.

கதிர்வீச்சை நினைத்துச் சிடிக்குத் தயங்குகிறவர்களுக்கு ஒரு கணக்கு: ஒரு தலை சிடி சுமார் 2 மில்லிசீவர்ட். உலகத்தில் சராசரி மனிதர் இயற்கையிலிருந்தே ஆண்டுக்கு 2.4 வாங்குகிறார். மணவாளக்குறிச்சிப் பக்கம் கடற்கரை மணலில் மோனசைட் இருப்பதால் அங்கே இயற்கைக் கதிர்வீச்சே கூடுதல். எம்ஆர்ஐயில் கதிர்வீச்சு கிடையாது.

"ரிப்போர்ட் வந்த பிறகுதான் மருந்து தொடங்குவாவளா?"

காத்திருக்கத் தேவையில்லை, காத்திருக்கவும் கூடாது. லொராசெபம் 1 அல்லது 2 மில்லிகிராம் நரம்பில் போட்டு, 5 முதல் 10 நிமிடத்தில் மறுபடி பரிசோதிப்பார்கள். அறிகுறிகள் பாதியாவது குறைந்தால் கேட்டடோனியா என்பது உறுதிப்படும். நாலு நாளாகப் பேசாதவர் எழுந்து உட்கார்ந்து தண்ணீர் கேட்பதும் உண்டு. அந்தத் தெளிவு சில மணி நேரத்தில் மங்கும், அதனால் மருந்தைத் தொடர்ந்து கொடுக்க வேண்டும். ஊசி இல்லாத இடத்தில் மாத்திரையாகவும் தரலாம், பலன் தெரிய அரைமணி நேரமாவது ஆகும்.

இங்கே ஒரு சிக்கல் உண்டு. வெளியே தெரியாத வலிப்பும் ஆளை இதேபோல உறையவைக்கும், அதையும் லொராசெபம் அடக்கிவிடும். ஆகவே மருந்துக்குப் பலன் கிடைத்தது என்பதற்காக மூளையில் வேறு நோய் இல்லை என்று முடிவுகட்ட முடியாது. மூளையின் மின்துடிப்பைப் பதியும் இஇஜி உடனே கிடைக்குமானால் மருந்துக்கு முன்பே எடுப்பது நல்லது. கிடைக்காவிட்டால் மருந்தை நிறுத்திவைக்க வேண்டாம்.

"அசையாமத்தானே கிடக்காவ. ஸ்கேனுக்கு மயக்க மருந்து எதுக்கு?"

நியாயமான கேள்விதான். சிலரை மருந்தே இல்லாமல் எடுத்துவிடலாம். ஆனால் தலை அந்தரத்தில் நின்றால் அதைத் தலைக்கூட்டுக்குள் பொருத்த முடியாது. அசையாதவர் நடுவில் திடீரென்று கொந்தளிக்கலாம். எம்ஆர்ஐ முழுசாக முடிய 20 முதல் 45 நிமிடம் பிடிக்கும். ஒவ்வொரு படத்தொகுப்பும் சில நிமிடம் ஓடும், நடுவில் ஒருமுறை தலை திரும்பினால் அந்தத் தொகுப்பே கலங்கிவிடும். அதனால் டிடபிள்யூஐ, ஃபிளேர் என்ற இரண்டு தொகுப்புகளையும் முதலில் ஓட்டச் சொல்லிக் கேளுங்கள். பாதியில் நிறுத்த நேர்ந்தாலும் மிகவும் தேவையான படங்கள் கையில் இருக்கும்.

அமைதிப்படுத்த நல்ல மருந்து லொராசெபமேதான், சிகிச்சையும் அதுவே. தண்ணீர்ச் சத்து வற்றிய கேட்டடோனியா நோயாளியை "கொஞ்சம் அடங்கட்டும்" என்று ஹாலோபெரிடால் ஊசி போட்டு ஸ்கேனுக்கு அனுப்புவது ஆபத்து. காய்ச்சலும் விறைப்புமாக நியூரோலெப்டிக் மாலிக்னன்ட் சிண்ட்ரோம் என்ற நிலைக்கு அது தள்ளிவிடலாம். ஆழ்ந்த மயக்கம் தேவையென்றால் மயக்கவியல் மருத்துவர் கூட இருக்க வேண்டும். திட உணவு 6 மணி நேரம், தெளிந்த நீர் 2 மணி நேரம் முன்பே நிறுத்த வேண்டும். மூக்குக்குழாயில் ஊட்டுகிறவர்களுக்கும் இது பொருந்தும், வார்டில் இதைத்தான் மறந்துவிடுகிறார்கள்.

இன்னும் மூன்று விஷயம். பயந்தால் அழுத்தச் சொல்லி எல்லோர் கையிலும் ஒரு ரப்பர் பந்து கொடுப்பார்கள். பேசாதவர் அதை அழுத்த மாட்டார், ஆகவே உலோகச் சோதனை முடித்த ஒருவர் உள்ளே நிற்க வேண்டும், விரலில் ஆக்சிஜன் அளவி இருக்க வேண்டும். காதில் வலிக்கிறது என்றும் அவர் சொல்ல மாட்டார், காதடைப்பானை நீங்களே பார்த்து வைக்கச் சொல்லுங்கள். கேட்டடோனியாவில் சிறுநீர் அடைத்துக்கொள்வது சகஜம். அடிவயிறு கல்லுபோல இருந்தால் முதலில் குழாய் போட்டு வடித்துவிட்டு மேசையில் ஏற்ற வேண்டும்.

"தாலி, ஏலசு, அரைஞாண் எல்லாம் கழட்டியே ஆகணுமா? நேர்ந்து கட்டினது."

கழற்றியே ஆக வேண்டும். ஏலசு என்ற தாயத்துக்குள் இருக்கும் செப்புத் தகட்டைக் காந்தம் இழுக்காது, ஆனால் சூடேறலாம், படத்தையும் கெடுக்கலாம். வெளியே தங்கமாகத் தெரியும் கூட்டுக்குள் இரும்பு ஆணி இருக்காது என்று யாரும் உத்தரவாதம் தர முடியாது. கடற்கரை ஊர்க்காரர்கள் கழுத்தில் கிடக்கும் உத்தரியம், சுரூபம், ஜெபமாலை, காலில் மெட்டி, கொண்டை ஊசி, பிளவுஸ் கொக்கி, காதுகேட்கும் கருவி, செட்டுப்பல் எல்லாம் இதில் சேரும். ஜரிகைச் சேலையும் கூடாது, ஜரிகையில் உலோக இழை உண்டு. பருத்தி நைட்டியோ மருத்துவமனை உடையோ போடுங்கள். கயிற்றை அறுக்க மனம் வராவிட்டால் முடிச்சை அவிழ்த்துக் கைக்குட்டையில் முடிந்து வீட்டார் ஒருவர் வைத்துக்கொள்ளட்டும், ஸ்கேன் முடிந்ததும் அதே முடிச்சைப் போட்டுவிடலாம்.

பேசாதவரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ள முடியாது என்பதால் விவரம் சொல்லும் பொறுப்பு உங்களுடையது. பேஸ்மேக்கர், மூளை ரத்தக்குழாய்க் கிளிப், காக்ளியர் கருவி உண்டா? கல்ஃபில் வெல்டிங், கிரைண்டிங் வேலை பார்த்தவரா? கண்ணுக்குள் இரும்புத் துகள் தங்கியிருந்தால் காந்தம் அதை அசைத்துப் பார்வையைப் பறிக்கலாம். சந்தேகம் இருந்தால் முதலில் கண்பகுதிக்கு ஒரு எக்ஸ்ரே எடுக்க வேண்டும். உள்ளங்கையில் தூண்டில் முனை ஒடிந்து கிடக்கும் மீனவர்களும் உண்டு, அதையும் சொல்லுங்கள். இப்போது வைக்கும் இதய ஸ்டென்ட், காப்பர்-டி இவற்றால் பெரும்பாலும் தொந்தரவில்லை, ஆனாலும் ஸ்டென்ட் அட்டையைக் கொண்டுவாருங்கள்.

"கான்ட்ராஸ்ட் ஊசி போடணும்னு சொன்னா சரின்னு சொல்லலாமா?"

தொற்று, கட்டி, மூளை உறை அழற்சி என்று சந்தேகம் இருந்தால் சொல்லலாம். பாதித்த இடம் படத்தில் எடுப்பாகத் தெரியப் போடும் ஊசி இது, எம்ஆர்ஐக்குப் போடுவது கடோலினியம். தண்ணீர் வற்றியவருக்குச் சிறுநீரகம் ஏற்கெனவே திணறிக்கொண்டிருக்கும், ஆகவே கிரியேட்டினின் பார்க்காமல் போடக் கூடாது.

"ரிப்போர்ட் நார்மல். அப்போ நடிக்காவளா?"

இந்தக் கேள்வியைக் கட்டில் அருகில் நின்று கேட்கிறார்கள், அதுதான் வேதனை. உறைந்து கிடப்பவர் பலருக்குச் சுற்றிப் பேசுவது காதில் விழுகிறது. தேறிய பிறகு வார்த்தை மாறாமல் சொல்கிறவர்கள் உண்டு, அந்த நேரம் முழுக்கத் தாங்க முடியாத பயத்தில் இருந்ததாகவும் சொல்வார்கள்.

சாதாரண எம்ஆர்ஐ மூளையின் உருவத்தைக் காட்டும், அது வேலை செய்யும் விதத்தைக் காட்டாது. வீட்டு வயரிங்கைப் போட்டோ எடுத்தால் வோல்டேஜ் இறங்கியது அதில் தெரியுமா? ஆராய்ச்சிக்கான ஸ்கேன்களில், கேட்டடோனியா உள்ளவர்களைக் கூட்டமாக ஒப்பிடும்போது, அசைவைத் திட்டமிடும் மூளைப் பகுதிகளில் ரத்த ஓட்டம் மாறியிருப்பதையும், காபா என்ற தடுப்பு வேதிப்பொருளின் இயக்கம் குன்றியிருப்பதையும் கண்டிருக்கிறார்கள். லொராசெபம் வேலை செய்வதும் அந்தக் காபா வழியாகத்தான். கூட்டத்தில் தெரியும் இந்த வேறுபாட்டை ஒரு ஆளின் படத்தில் காட்ட முடியாது. கேட்டடோனியாவில் நார்மல் ரிப்போர்ட் சகஜம், சொல்லப்போனால் நல்ல செய்தி.

"தனியார் இடத்துல 'பிரெயின் மேப்பிங்' எடுத்தா டிப்ரஷன் கலர்ல தெரியும்னு சொல்லுதாவ. எடுக்கவா?"

வேண்டாம். காரணம் மேலே சொன்னதுதான். மூளையின் இயக்கத்தைக் காட்டும் பெட் (PET) ஸ்கேனுக்குச் சில குறிப்பிட்ட இடங்களில் பயன் உண்டு, அதை நரம்பியல் மருத்துவர் எழுதித் தருவார்.

"ரிப்போர்ட்ல மூளை சுருங்கியிருக்கு, வெள்ளைப் புள்ளி இருக்குன்னு போட்டிருக்கு. இதனாலதானா எல்லாம்?"

வயதுக்கேற்ற சுருக்கம் 65 வயதுக்காரர் ரிப்போர்ட்டில் இல்லாவிட்டால்தான் ஆச்சரியம். வெள்ளைப் புள்ளிகள் பெரும்பாலும் ரத்த அழுத்தமும் சர்க்கரையும் சிறு ரத்தக்குழாய்களில் விட்ட தழும்பு. அவை நிறைய இருந்தால் முதுமைக்கால மனச்சோர்வுக்கு ஒரு பங்கு சேர்க்கலாம். நாலு நாளில் வந்த கேட்டடோனியாவை அந்தப் புள்ளிகளின் தலையில் கட்டிச் சிகிச்சையைக் கைவிடுவது பெரிய தவறு.

ரிப்போர்ட் எழுதுகிறவருக்குக் கிடைக்கும் தகவலும் முக்கியம். படிவத்தில் "டிப்ரஷன்" என்று மட்டும் எழுதினால் பொதுவாகப் பார்த்து அனுப்பிவிடுவார். "4 நாளாகக் கேட்டடோனியா, காய்ச்சல் இல்லை, 2 மாதம் முன் விழுந்தார், ரத்தம் இளக்கும் மாத்திரை உண்டு" என்று எழுதியிருந்தால் அவர் கண் போகும் இடமே வேறு. மருத்துவரிடம் கேட்டு எழுதவையுங்கள்.

"பிள்ளை பெத்து ரெண்டு வாரம்தான் ஆச்சு. பால்கூட குடுக்காம உறைஞ்சு இருக்கா."

பிரசவத்துக்குப் பிந்திய கடும் மனநோயில் கேட்டடோனியா வரும். ஆனால் இதே வாரங்களில்தான் மூளையின் சிரை ரத்தக்குழாய்கள் உறைந்து அடைப்பதும் நடக்கும். தலைவலி, வாந்தி, வலிப்பு இருந்திருந்தால் சாதாரண எம்ஆர்ஐயோடு சிரைகளைக் காட்டும் எம்ஆர்வியையும் சேர்த்து எடுக்க வேண்டும். கடோலினியம் போட்டால் தாய்ப்பாலை நிறுத்தத் தேவையில்லை. லொராசெபம் பாலில் கொஞ்சம் போகும், பிள்ளை வழக்கத்தைவிடத் தூங்கித் தூங்கி விழுகிறதா என்று கவனியுங்கள். பால் கட்டி மார்பு வீங்கினாலும் அவள் சொல்ல மாட்டாள், வேளாவேளைக்குப் பீய்ச்சி எடுக்க வேண்டும்.

"மகளுக்கு 19 வயசு. முதல்ல ஒரு வாரம் உளறினா, ஒரு தடவை வலிப்பு வந்துது, இப்போ உறைஞ்சுட்டா. எம்ஆர்ஐ நார்மல். மனநோய்தானே?"

இந்த வரிசையைக் கேட்டதும் என்எம்டிஏ ஏற்பி மூளை அழற்சியை நினைக்க வேண்டும். உடம்பின் எதிர்ப்புச் சக்தி தன் மூளையையே தாக்கும் நோய் இது, 2007-இல் தான் அடையாளம் காணப்பட்டது. பாதிப் பேருக்கு மேல் எம்ஆர்ஐ நார்மலாகவே இருக்கும். முதுகுத் தண்டு நீர் எடுத்து அணுக்களையும் எதிர்ப்பொருளையும் பார்க்க வேண்டும், இஇஜியும் எடுக்க வேண்டும். இளம்பெண்களுக்குச் சினைப்பையில் டெரட்டோமா கட்டி இதைத் தூண்டியிருக்கலாம் என்பதால் வயிற்று ஸ்கேனும் அவசியம். ஸ்டீராய்டு, இம்யூனோகுளோபுலின் என்று சிகிச்சையே வேறு. இதற்கு நரம்பியல் மருத்துவர் வேண்டும், மாவட்டத்தில் வசதிப்படாவிட்டால் திருவனந்தபுரத்துக்கோ திருநெல்வேலிக்கோ அனுப்பக் கேளுங்கள்.

"வர்மம் பிசகினதுன்னு ஆசான் சொல்லுதாரு. தடவிட்டு வரலாமா?"

இப்போது வேண்டாம். நாள்கணக்கில் அசையாத காலில் ரத்தம் உறைந்திருக்கலாம், கெண்டைக்காலை அழுத்தித் தடவினால் அந்தக் கட்டி நுரையீரலுக்கு ஏறி ஆளைக் கொன்றுவிடலாம். ஒரு கால் மட்டும் வீங்கியிருந்தாலோ திடீரென்று மூச்சு வாங்கினாலோ மருத்துவரை உடனே கூப்பிடுங்கள். கட்டில் அருகில் ஜெபமோ பூஜையோ செய்வதில் தடையில்லை. உபவாசம் இருப்பது மட்டும் வீட்டாராக இருக்கட்டும், நோயாளி வேண்டாம்.

"ஷாக் வைக்கணும்னு சொல்லிட்டாவ. அதுக்கு முன்னால ஸ்கேன் கட்டாயமா? மூளை கெட்டுப்போவாதா?"

லொராசெபத்துக்கு மசியாதவர்களுக்கும், காய்ச்சலோடு உயிருக்கு ஆபத்தானவர்களுக்கும் இசிடி என்ற இந்த மின்னதிர்ச்சிதான் வலுவான சிகிச்சை. சட்டப்படி எல்லோருக்கும் ஸ்கேன் கட்டாயமில்லை. ஆனால் மூளைக்குள் அழுத்தம் ஏறியிருந்தால் இசிடி ஆபத்து, ஆகவே கேட்டடோனியாவில் முன்பே எடுத்துப் பார்ப்பது புத்திசாலித்தனம். முன்னும் பின்னும் ஸ்கேன் எடுத்து ஒப்பிட்டவர்கள் மூளைச் சேதம் எதையும் காணவில்லை. சிலநாள் ஞாபகக் குழப்பம் வருவது உண்மை.

2017-ஆம் ஆண்டு மனநலப் பாதுகாப்புச் சட்டப்படி மயக்க மருந்தும் தசைத் தளர்த்தியும் இல்லாமல் இசிடி கொடுக்கக் கூடாது. 18 வயதுக்குக் கீழ் என்றால் பெற்றோர் அல்லது காப்பாளர் சம்மதமும் மனநல மறுஆய்வு வாரியத்தின் முன்அனுமதியும் வேண்டும்.

"ராத்திரி சந்தேகம் வந்தா யாருகிட்ட கேக்க?"

அரசின் மனநல உதவி எண்ணான டெலி-மானஸ் 14416, நாள் முழுக்க இலவசம், தமிழிலும் பேசலாம். சாக வேண்டும் என்று சொல்லிக்கொண்டிருந்தவர் உறைந்துபோனால், தேறி எழும் நாட்களில் தனியே விடாதீர்கள். கைகாலில் தெம்பு முதலில் வரும், மனசு தேற நாளாகும்.

"ரெண்டு வருஷம் முன்னால இதே மாதிரி வந்து சுகமாச்சு. மறுபடியும் ஸ்கேன் எடுக்கணுமா?"

முன்பு எடுத்த எம்ஆர்ஐ நார்மல், இப்போதும் அதே கோலம், மருந்துக்கும் அதேபோலத் தெளிகிறார் என்றால் பல நேரம் தேவைப்படாது. இந்த முறை புதிதாகக் காய்ச்சல், வலிப்பு, ஒரு பக்கப் பலவீனம், தலையடி ஏதாவது சேர்ந்திருந்தாலோ, போன தடவை பலித்த மருந்து இந்தத் தடவை பலிக்காவிட்டாலோ மறுபடி எடுக்க வேண்டும்.

பழைய படத்தைத் தேடும்போது ஃபிலிமைவிட டிஸ்க்தான் உதவும், அதில் எல்லாப் படமும் இருக்கும், பெரிதாக்கியும் பார்க்கலாம். கடற்காற்று அடிக்கும் வீட்டில் ஃபிலிம் ஒன்றோடொன்று ஒட்டிப்போகிறது. டிஸ்க்கின் உறைமேல் தேதியையும், போன தடவை எத்தனை மில்லிகிராம் லொராசெபத்தில் பேச்சு திரும்பியது என்பதையும் எழுதிவையுங்கள். அடுத்த முறை பணியில் இருக்கும் மருத்துவர் முதலில் கேட்கப்போவது அந்த எண்ணைத்தான்.